கிற்றார் இரைகிறதா? கழற்றுவதற்கு முன் கேளுங்கள்

என் எலக்ட்ரிக் கிற்றார் எட்டு மாதம் இரைந்தது. அதற்குள் மூன்று தரம் அதைக் கழற்றினேன். ஈயம் உருக்கி வயர்களைத் திரும்பப் பற்றவைத்தேன். தந்தியின் அசைவைப் பிடிக்கும் பிக்கப் என்ற பாகத்தைப் புதிதாக வாங்கக் காசுகூடச் சேர்க்கத் தொடங்கினேன். பழுது கிற்றாரில் இருக்கவே இல்லை. எங்கே இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், சத்தத்தின் பின்னால் எப்படிப் போவது என்று பார்ப்போம். இதில் பாதிக்கு மேல் வெறும் காதும் கையும் போதும். மிச்சத்துக்கு ஒரு மலிவு மல்டிமீற்றர்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. தந்தியைத் தொடும்போது விரலில் விறுவிறு என்று ஏறினாலோ, மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று அடித்தாலோ மற்றதெல்லாம் அப்புறம். சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, நேரே கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

எதையும் கழற்றாமல் ஐந்து நிமிடம்

வயரைக் கழற்றிவிட்டு வெறும் கிற்றாராக வாசித்துப் பாருங்கள். அப்போதும் 'சர்ர்' என்று கேட்டால் அது கரண்ட் விஷயமே இல்லை. தந்தி ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கம்பியில், உரசுகிறது. கழுத்தின் வளைவையோ, தந்திகளை உடம்பில் தாங்கும் பிரிட்ஜின் உயரத்தையோ பார்க்க வேண்டும். மாரி ஈரத்துக்கும் கச்சான் காற்றின் வறட்சிக்கும் மரம் கொஞ்சம் அசையத்தான் செய்யும். அது வேறு வேலை, இங்கே விட்டுவிடுகிறேன்.

அடுத்தது ஆம்ப், கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. வயரை ஆம்பிலிருந்தே உருவிவிடுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் கிற்றாருக்கு விடுதலை. வயரை உருவியதும் அமைதியானால் பழுது வயரிலோ கிற்றாரிலோ அறையிலோ இருக்கிறது.

பிறகு சத்தத்தின் சுருதியைக் கேளுங்கள். இலங்கையில் எங்கள் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 98 ஹேர்ட்ஸ். ஆம்பின் இரைச்சல் அந்த ஜி-க்குச் சற்று மேலே நின்றால் அது 100 ஹேர்ட்ஸ். ஏசியை டிசியாக மாற்றும் இடத்தில், அதாவது ஆம்பின் மின்வழங்கியில் அல்லது காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெடலின் அடாப்டரில், சந்தேகம் வைக்கலாம். அதற்கும் ஒரு எட்டு சுரம் கீழே தடிப்பாக 'ஊம்' என்று உறுமினால் 50 ஹேர்ட்ஸ். பெரும்பாலும் ஏதோ ஒரு ட்ரான்ஸ்ஃபோமரின் காந்தப்புலம் பிக்கப்பில் ஏறுகிறது, அல்லது ஏர்த்தில், அதாவது மண்ணோடு சேரும் இணைப்பில், சிக்கல். அமெரிக்க வீடியோக்களில் இதையே 60, 120 என்பார்கள். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ் என்பதால் அந்தச் சுருதிகளை இங்கே தேடி ஏமாற வேண்டாம். இன்னொன்று, ஆறு அங்குல ஸ்பீக்கர் 50 ஹேர்ட்ஸைச் சரியாகக் கொடுக்காது, அதன் மடங்குகள்தான் கேட்கும். சின்ன ஆம்பில் இந்தச் சோதனையை ஒரு குறிப்பாக மட்டும் எடுங்கள். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறு முனையில் காதை வைத்து மீன் பாட்டுக் கேட்பார்களே, அந்த அளவு பொறுமை இதற்கும் வேண்டும்.

வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தும் சத்தம் போகவில்லை

சாதாரணக் கிற்றாரில் வொலியூமை முழுக்க மூடினால், வெளியே போகும் வயர் நேரே ஏர்த்தோடு சேர்ந்துவிடும். பிக்கப் என்ன பிடித்தாலும் அது ஆம்புக்குப் போகாது. அப்படியும் இரைந்தால் மிச்சமிருப்பது ஜாக் (கிற்றாரில் வயரைச் செருகும் துளை), வயர், ஆம்ப்.

வயரை மாற்றிப் பாருங்கள். இங்கே நான் அடிக்கடி காணும் குற்றம், ஸ்பீக்கர் வயரின் இரண்டு முனையிலும் கிற்றார் பிளக்கைப் பற்றவைத்து 'கிற்றார் வயர்' என்று பாவிப்பது. வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஸ்பீக்கர் வயரில் உள்ளே கவசப் பின்னல் இல்லை, அது அறையில் இருக்கும் இரைச்சல் எல்லாவற்றையும் வாரி எடுக்கும். வீட்டில் செய்வதென்றால் மைக் வயரில் செய்யுங்கள். பின்னலை பிளக்கின் நீண்ட உடல் பகுதிக்கும், நடுக் கம்பியை நுனிக்கும் பற்றவையுங்கள். உள்ளே இரண்டு கம்பி இருந்தால் ஒன்றை மட்டும் நுனிக்கு எடுத்து, மற்றதைப் பின்னலோடு சேர்த்துவிடலாம்.

ஜாக்கின் அருகில் வயரை மெதுவாக அசைத்தால் சத்தம் வந்து வந்து போகிறதா? ஜாக்கின் நட்டு தளர்ந்திருக்கும். நட்டை மட்டும் பிடித்து இறுக்கினால் உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழன்று வயர் முறுகி அறுந்துபோகும், பின்னால் விரலால் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். கடலோர வீடு என்றால் ஜாக்கின் உள் நாக்கையும் பாருங்கள். உப்புக் காற்றில் அது மங்கி, சில இடத்தில் பச்சை பிடித்திருக்கும். கொண்டாக்ட் கிளீனர் அடித்து பிளக்கைப் பத்துத் தரம் விட்டு எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நாக்கு விரிந்து தளர்ந்திருந்தால் லேசாக உள்ளே வளைத்துவிடுங்கள்.

ஆம்பே தனியாக இரைந்தால், அதுவும் பழைய ஆம்பில் 100 ஹேர்ட்ஸில் இரைந்தால், மின்வழங்கியின் பெரிய கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். அதை நீங்கள் திறக்க வேண்டாம். வால்வு ஆம்பாக இருந்தால் பிளக்கை உருவிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும்.

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரக்கிறது

தூசியும் உப்பும். குமிழுக்கு அடியில் இருக்கும் ஓட்டையால் கொண்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு, இருபது தரம் இரண்டு பக்கமும் திருப்புங்கள். துரு இளக்கும் எண்ணெயை விடாதீர்கள், பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு பிறகு இன்னும் தூசி பிடிக்கும். போகவில்லை என்றால் குமிழை மாற்றிவிடலாம். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம்.

தந்தியில் கை வைத்ததும் அடங்குகிறது

இதுதான் அதிகம் பேர் பயப்படும் அறிகுறி. உண்மையில் இது பாதி நல்ல செய்தி. சுவருக்குள் ஓடும் வயர்களின் இரைச்சலை உங்கள் உடம்பு பிடித்து, கிற்றாருக்குள் கசியவிடுகிறது. பிரிட்ஜிலிருந்து ஒரு வயர் உள்ளே போய் ஏர்த்தில் சேர்கிறது. நீங்கள் தந்தியைத் தொட்டதும் உடம்பும் ஏர்த்தோடு சேர்ந்து, இரைச்சலைக் கடத்துவதை நிறுத்திவிடுகிறது. ஆக, அந்த வயர் நன்றாக இருக்கிறது. கிற்றாரின் உள் குழிக்குக் கவசம் இல்லை, அவ்வளவுதான். மலிவுக் கிற்றார்களில் அநேகமாக இருக்காது.

செய்வது கஷ்டமில்லை, நேரம்தான் போகும். உள்ளே பிக்கப்பும் குமிழ்களும் இருக்கும் குழி முழுவதற்கும் செப்புத் தாள் டேப்பை ஒன்றின் விளிம்பில் மற்றது ஏறும்படி ஒட்டுங்கள். சில டேப்பில் பசை கரண்டைக் கடத்தாது. அதனால் சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். முன் மூடியின் உள்பக்கத்துக்கும் அதேபோல் ஒட்டி, மூடும்போது இரண்டும் ஒன்றை ஒன்று தொடும்படி செய்யுங்கள். பிறகு செம்பிலிருந்து ஒரு வயரை வொலியூம் குமிழின் முதுகுக்குக் கொண்டுபோங்கள். மீற்றரை வைத்தால் குழியின் எந்த மூலைக்கும் ஜாக்கின் ஏர்த்துக்கும் இடையில் ஒரு ஓமுக்குக் கிட்டத்தான் காட்ட வேண்டும். ஜாக்கின் நுனி நாக்கு செம்பில் பட்டால் கிற்றார் ஊமையாகிவிடும், அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுங்கள்.

செப்புத் தாள் கிடைக்காவிட்டால் சமையலறை அலுமினியத் தாளும் வேலை செய்யும். ஆனால் அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது. ஏர்த் வயரின் நுனியை ஒரு திருகாணியின் கீழ் வைத்துத் தாளோடு இறுக்க வேண்டும்.

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கி வைப்பதும் நல்லது. இந்தக் கவசம் கூரான 'கிர்ர்' சத்தத்தை அடக்கும். தடித்த 50 ஹேர்ட்ஸ் உறுமலை மெல்லிய செம்பு தடுக்காது. அது காந்தப்புலம், அதற்கு வேறு வைத்தியம்.

தொட்டாலும் மாற்றமில்லை, அல்லது தொட்டால் கூடுகிறது

தந்தியைத் தொட்டால் ஒன்றும் ஆகவில்லை, வயரின் பிளக் உலோகத்தைத் தொட்டால் அடங்குகிறது என்றால், பிரிட்ஜுக்குப் போகும் வயர் விட்டுப்போயிருக்கிறது. ஆம்பிலிருந்து வயரைக் கழற்றி, அந்த முனையின் உடல் பகுதியில் மீற்றரின் ஒரு முனையையும் பிரிட்ஜில் மற்றதையும் வையுங்கள். ஒன்றிரண்டு ஓம் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. பல கிற்றார்களில் அந்த வயரை பிரிட்ஜின் கீழே வெறுமனே நசுக்கித்தான் வைத்திருப்பார்கள், உப்பு அங்கேயும் போகும். நுனியைச் சுரண்டிப் பளிச்சென்றாக்கி மறுபடி நசுக்கினாலே போதும்.

மீற்றர் கையில் இருக்கும்போதே இன்னொன்று. வொலியூமை முழுதாகத் திறந்து, பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையில் அளந்து பாருங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் ஐந்திலிருந்து எட்டுக் கிலோ ஓம் வரையும், ஹம்பக்கர் என்றால் ஏழுக்கு மேலும் காட்டும். பூச்சியம் காட்டினால் எங்கோ ஷோர்ட். முடிவிலி என்றால் சுருளோ வயரோ அறுந்திருக்கிறது. பற்றரி போடும் அக்டிவ் பிக்கப்புக்கு இந்த அளவு பொருந்தாது. அதில் முதலில் 9 வோல்ட் பற்றரியைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

தொட்டதும் சத்தம் கூடினால், முன்பு யாராவது ஜாக்கை மாற்றினார்களா என்று கேளுங்கள். நுனி வயரையும் ஏர்த் வயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்திருப்பார்கள். கிற்றார் வாசிக்கும், ஆனால் தந்திகள் முழுக்க சிக்னல் பக்கத்தில் தொங்கும். நானே செய்திருக்கிறேன், என் இரண்டாவது கழற்றலில்.

ஒரு பக்கம் திரும்பினால் குறைகிறது

நாற்காலியில் இருந்தபடியே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு திசையில் உறுமல் ஏறி, வேறொரு திசையில் கிட்டத்தட்ட மறைந்தால் அது காந்தப்புலம். கிற்றாரில் பழுது இல்லை. ஒற்றைச் சுருள் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரிழைக் கம்பியை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுச் சுற்றிய பொருள். தந்தியின் அசைவைப் பிடிப்பது போலவே பக்கத்தில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபோமரின் புலத்தையும் பிடிக்கும். கிப்சன் நிறுவனத்தில் வேலை செய்த செத் லவர் 1955இல் இரண்டு சுருள்களைச் சேர்த்து இதற்கு விடை கண்டார். இரண்டுக்கும் காந்தத் துருவமும் சுற்றும் திசையும் எதிரெதிர். தந்தியின் சத்தம் கூடும், உறுமல் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஹம்பக்கர் என்ற பெயரே அதனால் வந்தது. மூன்று ஒற்றைச் சுருள் உள்ள கிற்றாரிலும் நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றியதாக இருந்தால், சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் உறுமல் அடங்கும். காசு செலவில்லாத வைத்தியம் அதுதான்.

அடுத்தது அறையில் குற்றவாளியைத் தேடுவது. ஆம்ப் இருக்கும் வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எங்கள் வீடுகளில் வழக்கமான சந்தேகப் பேர்வழிகள்: சீலிங் ஃபேனின் எலக்ட்ரோனிக் ரெகுலேட்டர், மலிவு எல்இடி பல்ப், பழைய சோக் வைத்த டியூப் லைட், போன் சார்ஜர். ரெகுலேட்டர் கரண்டை நறுக்கி நறுக்கி விடுவதால் கூரான 'ஜீ' சத்தம் வரும். ஃபேனை முழு வேகத்தில் விட்டாலோ நிறுத்தினாலோ அது போய்விடும். ஆம்புக்கு மிக அருகில் இருந்து வாசிப்பதும் ஒரு காரணம், அதற்குள்ளேயே ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கிறது. ஒரு மீற்றர் தள்ளி இருந்தாலே வித்தியாசம் தெரியும். 'டிட்-டிட்-டிட்' என்று வெட்டி வெட்டி வந்தால் சட்டைப்பையில் இருக்கும் போனைத் தூக்கி வேறு அறையில் வையுங்கள்.

பெடல், லேப்டாப், மேடை

பெடலில் சந்தேகம் என்றால் அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட் பற்றரியில் ஓட்டுங்கள். இரைச்சல் நின்றால் அடாப்டர்தான் பழுது. டிஸ்டோர்ஷன் பெடல் இருக்கும் இரைச்சலைப் பல மடங்கு பெருக்கும், அதை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

லேப்டாப்பில் பதியும்போது இரைந்தால் சார்ஜரை உருவிப் பாருங்கள். உருவியதும் அமைதி என்றால் பற்றரியிலேயே பதிவை முடித்துக்கொள்ளலாம். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய சில இன்வர்ட்டர்கள் சீரான அலையைக் கொடுக்காமல் படிக்கட்டுப் போன்ற அலையைக் கொடுக்கும். அதில் ஓடும் ஆம்ப் இரைந்தால் கிற்றாரை உருட்டிப் புரட்டுவதில் அர்த்தமில்லை.

திருவிழா மேடையில் கதை பெரிது. மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீட்டில் கஃப்ரிஞ்சா ஆட்டத்துக்கு வயலினும் கிற்றாரும் கரண்ட் இல்லாமலே ஒலித்தன. இப்போது ஜெனரேட்டர், மிக்ஸர், மேடையைச் சுற்றி மினுங்கும் மின்சோடனை எல்லாம் ஒரே வயரில். சோடனை வயர்களோடு சேர்த்துக் கிற்றார் வயரை ஓடவிடாதீர்கள். குறுக்கே போக வேண்டுமென்றால் நேர்க்குறுக்காகக் கடக்கவிடுங்கள். ஆம்பும் மிக்ஸரும் வெவ்வேறு பிளக் பொயின்டில் இருந்து, இரண்டையும் வயரால் இணைத்ததும் உறுமல் வந்தால் அது ஏர்த் வளையம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனுக்குக் கொண்டுவாருங்கள். அப்படியும் போகாவிட்டால், உள்ளே ட்ரான்ஸ்ஃபோமர் உள்ள டிஐ பெட்டியை, அதாவது சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டியை, நடுவில் வைத்து அதிலுள்ள ஏர்த் சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் வயரின் ஏர்த்தை மட்டும்தான் பிரிக்கும்.

பிளக்கின் ஏர்த் பின்னை வெட்டி இரைச்சலை நிறுத்தியதாகப் பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது அடுத்த பகுதியில்.

விரலில் விறுவிறுக்கிறது, மைக்கில் அடிக்கிறது

1972 மே மாதத்தில் வேல்ஸின் சுவான்சி நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். ஏர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டபோது நடந்தது அது. ஒரு கையில் தந்தி, வாயருகே மைக். இரண்டில் ஒன்றின் ஏர்த் போனால் நடுவில் நிற்கும் ஆள்தான் வயர்.

என் கதையும் இங்கேதான். சித்தப்பா ஜெர்மனியில் இருந்து கொண்டுவந்த ஆம்புக்கு உருண்டை இரு பின் பிளக். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்தான், அதனால் ட்ரான்ஸ்ஃபோமர் தேவையில்லை. ஒரு மலிவு அடாப்டர் வாங்கிச் செருகினேன். வாசித்தது. இரைந்தது. தந்தியைத் தொட்டால் கொஞ்சம் அடங்கும், சில நாள் விரலில் விறுவிறுக்கும். கிற்றாரில்தான் பழுது என்று முடிவு செய்துவிட்டேன்.

கடைசியில் பழைய ரேடியோ திருத்தும் ஐயா ஒருவரிடம் கிற்றாரையும் ஆம்பையும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கிற்றாரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "மனே, பிளக்கக் காட்டு முதல்ல" என்றார். அடாப்டரின் ஏர்த் பின்னில் மீற்றரின் ஒரு முனை, ஆம்பின் பின்பக்கத் திருகாணியில் மறு முனை. ஒன்றும் இல்லை. ஜெர்மன் பிளக்கில் ஏர்த் என்பது பின்னாக இல்லாமல், பக்கவாட்டில் இரண்டு தகடாக இருக்கிறது. என் அடாப்டரின் துளைகள் இரண்டு பின்னையும் வாங்கிக்கொண்டன, அந்தத் தகடுகளைத் தொடவே இல்லை. எட்டு மாதமாக ஆம்புக்கு ஏர்த் கிடையாது.

"இதத்தான் கிற்றாருக்குள்ள தேடினியா?" என்று சிரித்தார். ஆம்பின் பின்னால் இருந்தது கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற மூன்று துளைச் சொக்கெட். வீட்டு அலுமாரியில் பழைய கம்ப்யூட்டரின் பவர் வயர் ஒன்று, சதுரப் பின் 13 அம்பியர் பிளக்கோடு, சும்மா கிடந்தது. செலவு பூச்சியம்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றி, கிற்றாரை ஆம்பில் செருகி, சுவரில் போகும் ஏர்த் பின்னுக்கும் கிற்றாரின் பிரிட்ஜுக்கும் இடையில் அளந்து பாருங்கள். சில ஓம் காட்டினால் நல்லது. முடிவிலி என்றால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி உள்ள சின்ன ஆம்புகளுக்கு மட்டும் இது பொருந்தாது, அவை ஏர்த் இல்லாமலே பாதுகாப்பாகச் செய்யப்பட்டவை. சுவர்ச் சொக்கெட்டின் மேல் துளைக்குள் பேனாவை விட்டு இரு பின் பிளக்கைத் திணிக்கும் பழக்கம் இருந்தால், ஆம்ப் விஷயத்திலாவது அதை விட்டுவிடுங்கள்.

வயரெல்லாம் சரி, ஆனாலும் விறுவிறுக்கிறது என்றால் வீட்டின் ஏர்த் கம்பியைப் பார்க்க வேண்டும். எங்கள் கரையோரம் மணல். கச்சான் மாதங்களில் மேல் மணல் காய்ந்ததும் மண்ணின் மின்தடை ஏறிவிடும். உப்புக் காற்றில் கம்பியும் கிளாம்பும் சேரும் இடம் பச்சை பிடித்து விட்டுப்போவதும் உண்டு. வாளித் தண்ணீர் ஊற்றினால் அன்றைக்கு மட்டும் சரியாகும். மணலில் கொஞ்சம் தோண்டினாலே கிணற்றுக்குத் தண்ணீர் வரும் ஊர் இது. கம்பியை அந்த ஈரம் வரை இறக்கினால் நிலைக்கும். லைனுக்கும் ஏர்த்துக்கும் மீற்றரை வைத்து 230 காட்டுகிறது என்று நிம்மதியாகிவிடக் கூடாது, நலிந்த ஏர்த்திலும் டிஜிட்டல் மீற்றர் அப்படித்தான் காட்டும். ஏர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வரும் வரை ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

பவர் வயரை மாற்றிய அன்று என் ஆம்பின் கூரான சத்தம் பெரும்பாலும் போய்விட்டது. தடித்த உறுமல் கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தால் அதுவும் இல்லை. சீலிங் ஃபேனின் ரெகுலேட்டரை இன்னும் மாற்றவில்லை. பழகும்போது ஃபேனை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க வாசிக்கிறேன்.